வகுப்பறைக்குப் போகும் மகளுக்கு ஒரு நூதனசாலைக்காரன் எழுதுவது

மகள்,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பனிச்சங்கேணிப் பள்ளிக்கூடத்துக்கு வரலாற்று ஆசிரியையாக உனக்கு நியமனக் கடிதம் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. "அப்பா, நீங்க இத்தின வருஷம் நூதனசாலையில இருந்தீங்களே, புள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்க அங்க இருந்து நான் என்னத்த எடுக்கலாம்?" என்றாய். நான் மீனில் முள் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு, "புள்ளைகள ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு வா, காட்டலாம்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழும்பிப் போனேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். சரியான பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த சில பிழைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. திங்கட்கிழமை நீ பஸ் ஏறுகிறாய். உள் அறையில் அம்மா உன் சாமான்களைக் கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், திரும்பவும் கட்டுகிறாள். நான் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

வாவிக்கரையில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் கலாசாரச் சங்கம் நடத்திய சின்ன நூதனசாலைக்கு நான் காப்பாளராகப் போனபோது உனக்கு இரண்டு வயது. இரண்டு அறை, காட்சிக்கு வைத்த அறுபது பழைய சாமான், ஒரு பதிவேடு. அவ்வளவுதான் அந்த இடம். சம்பளம் சின்னது, ஆனால் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. அந்தச் சாவி எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்று இப்போது சொல்லலாம். பள்ளிக்கூடங்களில் இருந்து பிள்ளைகள் வருவார்கள். மண்டூர்ப் பிள்ளைகள் வாவியில் பாதை ஏறி, அதுதான் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மிதவை, பிறகு பஸ் பிடித்து, வந்து சேர்வதற்குள் களைத்துப் போயிருப்பார்கள். நான் வாசலில் நின்று, "கையைப் பின்னால கட்டுங்க, சத்தம் போடக்கூடாது, ஒண்டையும் தொடக்கூடாது" என்று சொல்லித்தான் உள்ளே விடுவேன். ஒரு சாமானுக்கு அரை நிமிஷம் விளக்கம். பிள்ளைகள் விபரச் சீட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் மறுபக்கத்தால் வெளியே வந்துவிடுவார்கள். தண்ணீர் குடித்தார்களா, மலசலகூடம் தேடினார்களா என்றுகூட நான் கேட்டதில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு வகுப்பு போய்வந்தால் அன்று நல்ல வேலை செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வருவேன்.

நீ ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது உன் வகுப்பும் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். வரிசையில் மூன்றாவதாக நின்றாய். ஒரு பழைய பித்தளைச் செம்பைக் காட்டி, "அப்பா, இது ஆருட?" என்று கேட்டாய். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இஞ்ச அப்பா இல்ல, சேர் எண்டு கூப்பிடணும்" என்றேன். உன் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் செம்பு யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதைவிட உன்னை அதட்டுவது எனக்கு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ கேட்டதுதான் அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு வருஷம் போனது.

அந்த இரண்டு வருஷம் கழித்துத்தான் காத்தான்குடியில் இருந்து நசீரா டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த, உயரமான ஆள். அதற்கு முதல் கிழமையே அவர் தனியாக வந்து இரண்டு அறையையும் பார்த்துவிட்டு, ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போயிருந்தார். பிள்ளைகளோடு வந்த அன்று என்னிடம், "சேர், இண்டைக்கு நீங்க விளங்கப்படுத்தத் தேவையில்ல. புள்ளைகள் விரும்பின ஒரு சாமானுக்கு முன்னால போய் இருந்து பாக்கட்டும்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. அறுபது சாமான் இருக்கிற இடத்தில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போவது என்ன படிப்பு என்று நினைத்தேன். ஆனாலும் விட்டேன். பிள்ளைகள் நிலத்தில் இருந்து படம் கீறினார்கள், தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அரை மணித்தியாலம் கழித்து ஷிஃபானா என்ற பிள்ளை எழும்பி என்னிடம் வந்தாள்.

"சேர், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது பொம்மைத் தோணி இல்ல. நாடா. எங்கட வீட்டில நாலு இருக்கு. உம்மா தறியில போட்டு அடிக்கிறது."

கையளவு நீளத்தில், இரண்டு முனையும் கூராக, நடுவில் குடைந்த ஒரு மரத்துண்டு அது. முனைகளில் இரும்பு. 'சிறுவர் விளையாட்டுத் தோணி' என்று விபரச் சீட்டில் இருந்தது. அந்தச் சீட்டை எழுதியது நான். பெட்டிகளுக்கு வர்ணம் பூசிய வருஷம் பழைய சீட்டுகள் எல்லாம் கிழிந்துவிட்டதால், அறுபதையும் ஒரே பின்னேரத்தில் கண்பார்வையிலேயே எழுதி முடித்தேன். நடுவில் இருக்கும் குழியைப் பார்த்துவிட்டுத் தோணிக்காரப் பொம்மை இருக்கிற இடம் என்று நானே முடிவுகட்டினேன். பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

அன்று அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "படிச்ச ஆக்கள் எழுதினதப் பிழை எண்டு சொல்லக்கூடாது புள்ள. போய் இருங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய், கீறிய படத்தின் மேல் கொப்பியை மூடிவைத்துவிட்டு இருந்தாள். நசீரா டீச்சர் என்னை ஒருதடவை பார்த்தார்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அவள் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தால் நான் கொஞ்சம் காது கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். காத்தான்குடிப் பிள்ளை எனக்கு வந்து சொல்வதா என்று ஒரு எண்ணம் உள்ளே எங்கேயோ இருந்தது. அந்தக் காலத்தில் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கத்துச் சனமும் பட்ட பாடுகளால் இப்படியான எண்ணங்கள் நம் வீடுகளுக்குள் சொல்லாமலே வந்து குடியிருந்தன. என் வீட்டிலும் இருந்தது. அறுபது சாமான்களில் ஒன்றின் சீட்டில்கூட ஒரு முஸ்லிம் ஊரின் பெயர் இல்லையே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, வாயடிக்கிற பிள்ளை ஒன்று வந்தது என்று இதை அம்மாவிடம் ஒரு முறைப்பாடாகச் சொன்னேன். நீ படிக்கிற மேசையில் இருந்து கேட்டாய். "அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல என்ன தேவை அப்பா? நீங்க பதிவேட்டப் பாத்தீங்களா?" என்றாய். உன் வேலையைப் பார் என்று ஏசினேன். அடுத்தநாள் காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்தேன். எனக்கு முன்னால் இருந்த காப்பாளரின் சாய்ந்த எழுத்தில் தெளிவாக இருந்தது: நெசவுத்தறி நாடா, காத்தான்குடியில் இருந்து கிடைத்தது. அதற்குக் கீழே அதைத் தந்தவருடைய பெயரும் இருந்தது.

பதிவேட்டை மூடி அலுமாரிக்குள் வைத்தேன். பதினொரு நாள் ஒன்றும் செய்யவில்லை. சீட்டை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன், அதைக்கூடச் செய்யவில்லை. இடையில் ஒருநாள் நீ, "பாத்தீங்களா அப்பா?" என்று கேட்டாய். "இன்னும் நேரம் கிடைக்கல்ல" என்றேன். அது பொய், மகள். அப்போது நான் பார்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நீ "ஓம்" என்று மட்டும் சொன்னாய். நம்பினாயா, நம்பாமல் விட்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் நான் உன்னிடம் சொன்ன அந்தப் பொய்தான் என்னைக் கடைசியில் கிளப்பியது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தோற்பதைத் தாங்கலாம். என் பிள்ளைக்கு முன்னால் பொய்க்காரனாக இருப்பது சோற்றை இறங்கவிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதிவேட்டையும் நாடாவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு காத்தான்குடிக்குப் பஸ் ஏறினேன். அதிபரின் அறையில் என்னை இருக்கச் சொல்லி நசீரா டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எழும்பி நின்று, "அந்தப் புள்ள சொன்னது சரி டீச்சர். நான்தான் பிழை. அவவுக்கிட்டச் சொல்லிவிடுங்க" என்றேன். அவர் கோபமாகப் பேசவில்லை.

"பிழை எண்டு நீங்க சொன்னது முப்பது புள்ளைகளுக்கு முன்னால சேர். சரி எண்டு சொல்றதும் அவங்களுக்கு முன்னாலதான் சொல்லணும். வாங்க, வகுப்புக்குப் போவம்."

அந்த வகுப்புக்குப் போன நடை எனக்கு மறக்காது. சின்ன நடைதான், ஒரு விறாந்தை. பிள்ளைகள் எழும்பி சலாம் சொன்னார்கள். ஷிஃபானா இரண்டாவது வாங்கில் இருந்தாள். என்னைக் கண்டதும் பயந்துபோனாள், திரும்பவும் ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் பதிவேட்டைத் திறந்து அந்த வரியை வாசித்தேன். பிறகு, "நான் இதப் பாக்காமல் எழுதிப்போட்டன். நீங்க பாத்துச் சொன்னீங்க. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க புள்ள" என்றேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தாள். பின்னால் இருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "அப்ப மத்தச் சாமான்களும் பிழையாத்தான் இருக்குமா சேர்?" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தெரியாது. பாக்கத்தான் வேணும்" என்றேன். அந்த இடத்தில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு தெரியாது என்ற சொல்லை நான் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல்தடவை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நசீரா டீச்சர் அந்தத் தவணை முழுவதும் பாடம் நடத்தினார். நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து என்னோடு இருந்து பதிவேட்டையும் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதிவேட்டில் விபரம் இல்லாத சாமான்களின் படத்தைக் கீறிக்கொண்டு போய், தெரிந்த ஆட்களிடம் கேட்டுவந்தார்கள். வாவியில் மீன்பிடிக்கிற ஒருவர், வயல் வட்டையில் வேலை செய்கிற ஒரு பெண், ஒரு தட்டார் என்று அந்த இரண்டு அறைக்குள் அதுவரை காலெடுத்து வைக்காத ஆட்கள் எல்லாம் வந்தார்கள். ஷிஃபானாவின் தாய் வந்து நாடாவைக் கையில் எடுத்தார். அதன் இரும்பு முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வேல செஞ்ச சாமான். தேஞ்சிருக்கு பாருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தறிய நீங்க கிட்ட நிண்டு கண்டிருக்க மாட்டீங்க சேர். கண்டா ஆருக்கும் விளங்கும்" என்றார். என் பிழைக்கு அந்தத் தாயே ஒரு காரணம் கண்டுபிடித்துத் தந்தார். அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்த் தறியைக் கிட்ட நின்று பார்த்தேன். நீ இந்தப் பொங்கலுக்குக் கட்டிக்கொண்ட அந்த நீலச் சாறி அந்தத் தறியில் நெய்ததுதான். இப்போது அந்தத் தறியை அடிப்பது ஷிஃபானாவின் தங்கச்சி. ஷிஃபானா ஓட்டமாவடியில் கணக்குப் படிப்பிக்கிறாள். சந்தையில் கண்டால் என்னோடு நின்று கதைக்காமல் போகமாட்டாள்.

இது நடந்த பிறகு எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு எல்லாம் கடிதம் போட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து ஒரு பழைய சாமான் கொண்டுவர வேண்டும், ஒரு கிழமைக்குக் காட்சியில் வைக்கலாம் என்று எழுதினேன். நல்ல யோசனை என்று எல்லாரும் மெச்சினார்கள். கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்து வந்த பிள்ளைகள் வெற்றிலைத் தட்டம், மணிக்கூடு, அரிக்கன் லாம்பு என்று வரிசையில் மேசையில் வைத்தார்கள். கஜனி என்ற பிள்ளை வெறுங்கையோடு வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். "என்ன புள்ள, மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கட வீட்டில பழைய சாமான் ஒண்டும் இல்ல சேர். வீடே புதுசு" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. கடல் வந்துபோன பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிற பிள்ளை அவள். சட்டி பானையில் இருந்து எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனதை வீட்டில் இருந்து கொண்டுவா என்று நான் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வெறும் கண்ணாடிப் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. "இதில உங்களுக்கு என்ன வைக்க விருப்பம்? வைக்காட்டியும் பரவாயில்ல" என்றேன். அவள், "ஒரு பேப்பர் தாறீங்களா சேர்? வீட்ட போய் அம்மாக்கிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வாறன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து எழுதிக்கொண்டு வந்தாள். பழைய வீட்டில் என்னென்ன இருந்தன என்று ஒரு பக்கம். தையல் மெசின். அப்பாவின் சைக்கிள். அண்ணா வென்ற கோப்பை. நீலக் கம்பளி. ஆட்டுக்கல், அதன் பக்கத்தில் ஒரு முட்டைப்பெட்டி. கலியாணப் படம், கண்ணாடி வெடித்தது. அந்தக் கடதாசியைப் பெட்டிக்குள் வைத்தோம். காட்சியின் கடைசி நாள் அவளுடைய தாய் வந்தார். மற்றச் சாமான்களை அவர் பார்க்கவில்லை. நேரே அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று வாசித்தார். வாசித்துவிட்டு என்னிடம், "ஒண்டு விட்டுப்போச்சு சேர். பேனை இருக்கா?" என்று கேட்டார். நான் பெட்டியைத் திறந்து கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். அடியில் ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்பதை உனக்கும் சொல்லமாட்டேன். திரும்பக் கொடுத்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

அதற்குப் பிறகு சாமான் கொண்டுவாருங்கள் என்று நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் எழுதியதில்லை. உங்கள் வீட்டில் சொல்ல விரும்புகிறது ஏதும் இருந்தால் கேட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை என்றுதான் எழுதினேன். நீ போகிற பனிச்சங்கேணியும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர். தண்ணீரும் கண்டது, சண்டையும் கண்டது. முதல் தவணையிலேயே பிள்ளைகளிடம் வீட்டுக் கதையைக் கேட்டு அவசரப்படாதே. முதலில் அலுவலக அறைக்குப் போய், பழைய சேர்விடாப்பு இருக்கிறதா என்று அதிபரிடம் கேள். பிள்ளைகளைச் சேர்த்த அன்று பெயர் எழுதுகிற அந்தப் புத்தகம் ஒன்று மிஞ்சியிருந்தாலும் போதும். உன் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை தன் தகப்பனின் பெயரை அதில் கண்டுபிடிக்கும். அன்று உன் பாடப்புத்தகம் மூடியே இருக்கட்டும். சேர்விடாப்பும் இல்லையென்றால் மனம் விடாதே. தோணி கட்டுகிறவர், கிழிந்த வலை பொத்துகிறவர், கடை வைத்திருக்கிறவர் எல்லாரும் பள்ளிக்கூடத்து வாசலால்தான் போய்வருகிறார்கள். வரச் சொல்லிக் கூப்பிடு. வந்தவரை வகுப்பில் கதிரை போட்டு இருத்து. பிறகு பிள்ளைகளின் கையெழுத்தில் நன்றிக் கடிதம் ஒன்று அவர் வீட்டுக்குப் போகட்டும். நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு வருவதானால் முதல் நாள் நீ தனியாக வந்து பார். மலசலகூடமும் தண்ணீரும் எங்கே என்று கேட்டு வை. இருபது சாமான் காட்டாதே, இரண்டு போதும். பிள்ளைகள் நிலத்தில் இருந்து பார்க்கட்டும். சாவிக்கொத்து வைத்திருக்கிறவன் முகத்தைச் சுளித்தால் நசீரா டீச்சர் என்னைப் பார்த்ததுபோல ஒருதடவை பார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நீ படித்த நான்கு வருஷத்தில் இதைவிட எத்தனையோ படித்திருப்பாய். நான் எழுதியது உனக்குப் புதிதாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் என்னைப் படிப்பித்தவர்கள் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். காத்தான்குடியில் ஒரு டீச்சர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களுடைய தாய்மார், மேசையில் இருந்து ஒரு கேள்வி கேட்ட நீ. இவர்கள் இல்லாமல் போயிருந்தால் அறுபது சாமான்களுக்குக் காவல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருப்பேன். உங்கள் எல்லாருக்கும் நான் நன்றி உள்ளவன். நசீரா டீச்சருக்கு நேரில் சொல்லிவிட்டேன். உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். இத்தனை வருஷம் பள்ளிக்கூடங்கள் என்னிடம் வந்தன, நான் பேச அவர்கள் கேட்டார்கள். ஒரு பாடம் நடக்கிறதை முதலில் இருந்து கடைசிவரை இருந்து நான் கேட்டதில்லை. நீ அங்கே நிலைகொண்ட பிறகு, உன் அதிபர் சம்மதித்தால், ஒருநாள் உன் வகுப்பின் கடைசி வாங்கில் எனக்கு ஒரு இடம் தா. காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். உன்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் கேட்டால், நானும் படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லு.

அன்போடு,
அப்பா